மராடியில் கம்பு இருந்தது

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளைக் குறைத்திருக்கிறேன்.)

இன்னைக்கு நாம போகப் போற நாடு நைஜர். நைஜீரியா இல்ல, அதுக்கு நேர் வடக்கே சகாரா பாலைவனத்துக்குள்ள தலையை நீட்டிக்கிட்டு இருக்கிற நைஜர். ரெண்டு நாட்டுக்கும் ஒரே ஆற்றோட பேர்தான், அதனால குழப்பம் சகஜம். பரப்பளவுல தமிழ்நாட்டைப் போல கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஆனா 2005இல் அங்கே வாழ்ந்தவங்க சுமார் ஒரு கோடியே முப்பது லட்சம் பேர்தான். பெரும்பகுதி மணல். கடல் எந்தப் பக்கமும் கிடையாது. தலைநகர் நியாமேக்குக் கப்பல் சரக்கு வரணும்னா, அப்போ பெரும்பாலும் பெனின் நாட்டின் கோட்டோனூ துறைமுகத்துல இறக்கி, லாரியில சுமார் 1,000 கிலோமீட்டர் கொண்டுவர வேண்டியிருந்தது.

2005 ஜூலையில் இந்த நாட்டை உலகமே டிவியில பார்த்தது. எலும்பும் தோலுமா குழந்தைங்க, பக்கத்துல அம்மாக்கள். செய்தியில சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது: மழை பொய்த்தது, வெட்டுக்கிளி வந்தது, பயிர் போச்சு.

இந்த எபிசோடுக்காகப் படிச்சப்போ ரெண்டு விஷயம் என்னை உட்கார வெச்சது. ஒண்ணு, அதுக்கு முந்தின அறுவடை அவ்வளவு மோசம் இல்லை. 2004இல் நாட்டின் மொத்தத் தானிய விளைச்சல், அதற்கு முந்தைய ஐந்தாண்டு சராசரியைவிட 11 சதவீதம்தான் குறைவு. நூறு மூட்டை வர்ற இடத்துல எண்பத்தொன்பது. ரெண்டாவது, குழந்தைங்க அதிகமா நலிஞ்சுபோன இடம் பாலைவன ஓரத்துல இல்லை, மராடியில. மராடி நைஜரோட தானியக் களஞ்சியம். நம்ம பேச்சுல தஞ்சாவூரைச் சொல்ற மாதிரி அங்கே மராடியைச் சொல்லலாம். அந்த வருஷம் முழுக்க மராடி சந்தையில கம்பு மூட்டை இருந்தது.

அப்போ எப்படி?

முதல்ல பயிரைப் பார்த்துடுவோம். நைஜர்ல சோறுன்னா கம்புதான். அப்புறம் சோளம் (மக்காச்சோளம் இல்ல, நம்ம வெள்ளைச் சோளம்), ஊடுபயிரா தட்டைப்பயறு. நம்ம வீட்டுக் கம்பங்கூழுக்கும் இந்தக் கதைக்கும் நிஜமாவே உறவு உண்டு. கம்பை முதன்முதலா வீட்டுப் பயிராக்கினது மேற்கு ஆப்பிரிக்காவின் சஹேல் பகுதி மக்கள், நாலாயிரம் வருஷத்துக்கும் முன்னாடி. அங்கிருந்துதான் அது இந்தியாவுக்கு வந்தது. பின்னாளில் அந்த உறவு திரும்பியும் போச்சு. ஹைதராபாத் பக்கத்துல பட்டன்சேரில இருக்கிற இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம், நியாமே பக்கத்துல சடோரேன்னு ஒரு ஊர்ல தன்னோட சஹேல் மையத்தை வெச்சு, கம்பைத்தான் முக்கியமா ஆராய்ஞ்சது.

நைஜருக்கு மழை ஒரே பருவம்தான், ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும். மராடி பக்கம் வருஷத்துக்கு 500 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும். சென்னையில 1,400. அந்த மூணு நாலு மாசத்துல விதைச்சு, களை எடுத்து, செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல அறுத்தாகணும். அதை வெச்சுத்தான் அடுத்த அக்டோபர் வரைக்கும் சாப்பிடணும்.

பழைய தானியம் தீர்ந்து புதுத் தானியம் வராத அந்த இடைவெளிக்கு அங்கே ஒரு பேர் இருக்கு. பிரெஞ்சுல 'சுதூர்'. அதுக்கு நேர் அர்த்தம் வெல்டிங், பற்றவைப்பு. பழைய விளைச்சலோட நுனியையும் புது விளைச்சலோட நுனியையும் எப்படியாவது பற்றவைக்கிற மாசங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். குதிர் காலியா இருக்கும், ஆனா களை எடுக்கிற வேலை உச்சத்துல இருக்கும். மழையோட மலேரியாவும் வரும். குழந்தைங்க சாகிறது பெரும்பாலும் இந்த மாசங்கள்லதான், நல்ல வருஷத்துலகூட.

இப்போ இதுக்குள்ள விலையைக் கொண்டுவாங்க. அக்டோபர்ல எல்லார்கிட்டயும் கம்பு இருக்கு, அதனால விலை தரையில கிடக்கு. ஆனா விவசாயி அப்போதான் விற்றாகணும். ஆடி மாசத்துல வாங்கின கடன், கல்யாணச் செலவு, வைத்தியச் செலவு. விற்ற அதே ஆள் ஜூன்ல சந்தைக்குப் போய் வாங்குறார், அப்போ விலை உச்சியில. தன் நிலத்துல விளைஞ்ச கம்பையே கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்குற நிலைமை. நைஜர் விவசாயின்னா தன் சாப்பாட்டைத் தானே விளைவிக்கிறவர்னு ஒரு படம் நம்ம மனசுல இருக்கும். நிஜத்துல மராடி கிராமங்கள்ல நிறைய பேர் வருஷத்துல பல மாசம் சந்தையை நம்பி வாழ்றவங்க. மராடி நல்லா விளையற பூமி, அதனால ஜன நெருக்கம் அதிகம், ஆளுக்கு நிலம் குறைவு. களஞ்சியத்துல ஏன் பசின்னா, பாதி பதில் இதுலயே இருக்கு.

மீதி பதிலுக்கு வரலாறுக்குள்ள போகணும்.

பிரெஞ்சுக்காரங்க ஆண்ட காலத்துல வரியைப் பணமா கட்டணும்னு வந்தது. கம்பை வெச்சுப் பணம் பார்க்க முடியாது. அதனால வேர்க்கடலை. 1960இல் சுதந்திரம் வந்தப்போ நாட்டோட ஏற்றுமதி வருமானத்துல பெரும்பகுதி கடலைதான். (நீங்க போடுற கடலை இல்ல.) பிரான்ஸ் ஆலைகளுக்கு எண்ணெய் எடுக்கப் போற கடலை. கடலை வயல் வடக்கே வடக்கேன்னு பரவினப்போ, தரிசா விட்டு மண்ணுக்கு ஓய்வு கொடுக்கிற வழக்கம் குறைஞ்சது, மாடு மேய்க்கிறவங்க இன்னும் வறண்ட பக்கம் தள்ளப்பட்டாங்க. கடலையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

1968இல் தொடங்கி 1973 வரைக்கும் சஹேல் முழுக்க வறட்சி. மந்தை மந்தையா மாடு செத்தது. நாடோடி மக்கள் நகரங்களோட ஓரத்துல வந்து தங்கினாங்க. வெளிநாட்டுல இருந்து வந்த உதவித் தானியத்தை ஆட்சியில இருக்கிறவங்க பதுக்குறாங்கன்னு நியாமே முழுக்கப் பேச்சு. 1974 ஏப்ரல் 15 அன்று ராணுவம் அதிபர் ஹமானி தியோரியைக் கவிழ்த்தது. தலைமை தாங்கினவர் செய்னி குன்ச்சே. ஆட்சியைப் பிடிச்சதுக்கு அவர் சொன்ன முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு மக்களோட பசி. அந்தக் கலகத்துல பங்கெடுத்த இளம் அதிகாரிகள்ல ஒருத்தர் பேர் மமாது தன்ஜா. ரெண்டு வருஷம் கழிச்சு, 1976இல், அவரை மராடிக்கே நிர்வாகத் தலைவரா அனுப்பினாங்க. 1979 வரைக்கும் அங்கே இருந்தார். அந்தப் பேரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

குன்ச்சேக்கு அதிர்ஷ்டம் யுரேனியம். அர்லித் சுரங்கம் 1971இல் தொடங்கியிருந்தது, எழுபதுகள்ல விலை எகிறுச்சு. அந்தப் பணத்துல அரசாங்கத் தானியக் கிடங்குகளை நிரப்ப முடிஞ்சது. எண்பதுகள்ல யுரேனியம் விலை விழுந்தது, கடன் ஏறுச்சு, உலக வங்கியும் ஐஎம்எஃப்பும் நிபந்தனைகளோட வந்தாங்க. தானிய விலையைச் சந்தை பார்த்துக்கும், அரசாங்கம் ஒரு சின்ன அவசரக் கையிருப்பு மட்டும் வெச்சுக்கிட்டாப் போதும்ங்கிற ஏற்பாடு மெல்ல நிலைச்சது.

இதெல்லாம் சேர்ந்துதான் 2004க்கு வந்து நிக்குது.

அந்த வருஷம் வடமேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து வெட்டுக்கிளிப் படை இறங்கியது. பதினைஞ்சு வருஷத்துல அவ்வளவு பெரிய படை வந்ததில்லை. மழையும் சீக்கிரம் நின்னுபோச்சு. நாடு முழுக்கக் கணக்குப் போட்டா சுமார் 2,23,000 டன் தானியம் பற்றாக்குறை, நாட்டோட தேவையில பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனா வடக்குப் பக்கம் கால்நடைத் தீவனம் பெரிய அளவுல போச்சு. அதே நவம்பர், டிசம்பர்ல அதிபர் தேர்தலும் நடந்தது. ஜெயிச்சு ரெண்டாவது முறையா பதவிக்கு வந்தவர் மமாது தன்ஜா.

நவம்பர்லயே அரசாங்கமும் உலக உணவுத் திட்டமும் உதவி கேட்டாங்க. பெரிசா ஒண்ணும் வரலை. அப்புறம் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையோட மையமாத் தெரியுது. தீவனம் இல்லாததால மேய்ச்சல்காரங்க ஆட்டையும் மாட்டையும் ஒரே நேரத்துல சந்தைக்கு ஓட்டிட்டு வந்தாங்க. எல்லாரும் விற்றா விலை என்ன ஆகும்? விழுந்தது. இன்னொரு பக்கம் தானிய விலை ஏற ஆரம்பிச்சது. வழக்கமா பற்றாக்குறை வந்தா நைஜீரியாவுல இருந்து தானியம் வடக்கே வரும். மராடியில இருந்து நைஜீரிய எல்லை 50 கிலோமீட்டருக்குள்ள, கானோ பெரும் சந்தை அந்தப் பக்கம். அந்த வருஷம் நைஜீரியாவுலயே விலை கூடுதல். அதனால லாரிகள் எதிர்ப் பக்கம் ஓடின. மராடிக் கம்பு தெற்கே போச்சு. மேற்கே இருந்த புர்கினா ஃபாசோவும் மாலியும் தங்கள் தானியம் வெளியே போகாம தடுத்தாங்க.

100 கிலோ கம்பு மூட்டை சந்தையில ரெண்டு மடங்கைத் தாண்டியது, 20,000 சேஃபா ஃபிராங்குக்கும் மேல. ஒரு ஆட்டை விற்றா வாங்க முடிஞ்ச கம்பு வருஷ ஆரம்பத்துல இருந்த அளவுக்குப் பக்கத்துலகூட இல்லை. போதாததுக்கு 2005 ஜனவரியில அரசாங்கம் பால், சர்க்கரை, கோதுமை மாவு மேலெல்லாம் 19 சதவீத வாட் வரி போட்டது. மார்ச்ல நியாமே தெருக்கள் நிறைஞ்சு போராட்டம், ஏப்ரல்ல பின்வாங்கினாங்க.

இதுக்குள்ள ஒரு இந்தியப் பேரைச் சொல்லியாகணும். அமர்த்தியா சென் 1981இல் வறுமையையும் பஞ்சத்தையும் பற்றி எழுதின புத்தகத்துல, 1943 வங்காளப் பஞ்சத்துக்குப் பக்கத்துலயே இந்த சஹேல் வறட்சிக்கும் ஒரு அத்தியாயம் இருக்கு. அவரோட வாதத்தைச் சுருக்கமா சொன்னா, நாட்டுல எவ்வளவு தானியம் இருக்குங்கிறதைவிட, யாருக்கு அதை வாங்குற சக்தி இருக்குங்கிறதுதான் கேள்வி. அந்த அத்தியாயம் வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு, அதே நாட்டுல அது இன்னொரு முறை நடந்துச்சு.

அரசாங்கம் சும்மா இருந்ததுன்னு சொல்ல முடியாது. மானிய விலைக்கு விற்றாங்க, மூட்டை 10,000 ஃபிராங்க். சந்தை விலையில பாதிக்கும் கீழ. ஆனா பத்தாயிரமும் இல்லாதவங்களுக்கு அது எட்டாத விலைதான், சரக்கும் குறைவு. ஜூன் தொடக்கத்துல நியாமேயில ஊர்வலமா போய் இலவசத் தானியம் கேட்டாங்க. முடியாதுன்னு பதில் வந்தது.

ஏன் முடியாது? இங்கே ஒரு வில்லனைத் தேடாதீங்கன்னு சொல்வேன். இலவசமா கொட்டினா வியாபாரி தானியம் கொண்டுவர மாட்டான், அறுவடைக்கு விலை கிடைக்காது, விவசாயி அடுத்த வருஷம் விதைக்க மாட்டான். இது அரசாங்கம் மட்டும் சொன்னது இல்லை, பணம் கொடுத்த பெரிய நாடுகளும் அமைப்புகளும் சேர்ந்து ஒத்துக்கிட்ட கொள்கை. நீண்ட காலத்துக்குப் பார்த்தா அதுல ஒரு நியாயமும் இருக்கு. பதினெட்டு மாசக் குழந்தைக்கு நீண்ட காலம்னு ஒண்ணு இல்லை, அவ்வளவுதான். பஞ்சத்துக்கு ஒரு ஏற்பாடு, வளர்ச்சிக்கு ஒரு ஏற்பாடுன்னு அதிகாரிகள் பெட்டி பெட்டியா பிரிச்சு வெச்சிருந்தாங்க. இது எந்தப் பெட்டின்னு முடிவு பண்றதுக்குள்ள ஆறு மாசம் போச்சு.

எண்ணிக்கையை முதல்ல பார்த்தது மராடியில இருந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு. 2001ல இருந்தே அங்கே நலிஞ்ச குழந்தைகளுக்கு மையம் நடத்தினாங்க. 2005 தொடக்கத்துலேயே வரிசை வழக்கத்தைவிட நீண்டது, அதுவும் சுதூருக்குப் பல மாசம் முன்னாடி. அவங்க கையில அப்போ ஒரு புதுப் பொருள் இருந்தது. 1996இல் பிரான்ஸ்ல குழந்தை மருத்துவர் ஆந்த்ரே பிரியோன், நியூட்ரிசெட் கம்பெனியோட சேர்ந்து உருவாக்கின 'பிளம்பி நட்'. 92 கிராம் பாக்கெட், 500 கலோரி. பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், எல்லாத்துக்கும் மேல வேர்க்கடலை.

கடலை திரும்ப வரும்னு சொன்னேன் இல்லையா.

அதோட அருமை சத்துல மட்டும் இல்லை. அதுக்கு முன்னாடி கடுமையா நலிஞ்ச குழந்தையை வாரக்கணக்குல ஆஸ்பத்திரியில வெச்சு, தண்ணியில கலக்குற மருத்துவப் பாலைக் கொடுக்கணும். களை எடுக்கிற மாசத்துல எந்த அம்மா மூணு வாரம் ஆஸ்பத்திரியில உட்கார முடியும்? வீட்டுல இன்னும் நாலு பிள்ளைங்க. இந்தப் பாக்கெட்டுக்குத் தண்ணி வேண்டாம், அடுப்பு வேண்டாம். வேற நோய் இல்லாத குழந்தையா இருந்தா வாரம் ஒருமுறை வந்து வாங்கிட்டுப் போய் வீட்டுலயே கொடுக்கலாம். 2005இல் அந்த அமைப்பு மட்டும் நைஜர்ல 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுத்தது. மராடியில பத்துக்கு ஒன்பது குழந்தைங்க தேறினாங்க. அதுக்கு முன்னாடி இவ்வளவு பெரிய அளவுல யாரும் செஞ்சு பார்த்ததில்லை.

மே மாசம் ஐநா 1.6 கோடி டாலர் கேட்டு அவசர வேண்டுகோள் விட்டது. பணம் சொட்டுச் சொட்டா வந்தது. ஜூலை மூணாவது வாரம் பிபிசி மராடியில எடுத்த காட்சிகளைக் காட்டினதுக்கு அப்புறம்தான் விமானங்கள் வந்தன. பெரிய அளவுல இலவச விநியோகம் ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது. அறுவடைக்கு ரெண்டு மாசம்கூட இல்லை. ஐநாவோட அப்போதைய நிவாரணத் தலைவர் யான் எகலான் ஒரு கணக்குச் சொன்னார்: ஆரம்பத்துலயே கவனிச்சிருந்தா ஒரு குழந்தைக்கு நாளுக்கு ஒரு டாலர் போதும், இப்போ ஒரு குழந்தையைக் காப்பாத்த 80 டாலர் ஆகுது.

அந்த ஆகஸ்ட்ல அதிபர் தன்ஜா பிபிசிக்குப் பேட்டி கொடுத்தார். மக்கள் நல்லாச் சாப்பிட்டுத்தானே தெரியறாங்க, பஞ்சம்னு சொல்றது எதிர்க்கட்சியும் உதவி அமைப்புகளும் தங்கள் லாபத்துக்காகக் கிளப்புற பேச்சுன்னு சொன்னார். மூணு வருஷம் மராடியை நிர்வகிச்சவர், பசியைக் காரணம் காட்டி ஆட்சியைக் கவிழ்த்த குழுவுல இருந்தவர். அவருக்குத் தெரியலைன்னு என்னால நம்ப முடியலை. அந்த நாட்டுல 'பஞ்சம்'ங்கிற சொல் ஒரு அதிபரை என்ன செய்யும்னு அவரைவிட நல்லாத் தெரிஞ்சவங்க குறைவு. அதனாலதான் அந்தச் சொல்லோட சண்டை போட்டார்னு நினைக்கிறேன்.

2006 ஏப்ரல்ல, மராடியில பசியைப் பற்றிப் படம் எடுக்க வந்த பிபிசி குழுவோட அனுமதியை ரத்து பண்ணினாங்க. 2008இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போட பிரெஞ்சுப் பிரிவை மராடியில வேலையை நிறுத்தச் சொல்லி, அவங்க நாட்டைவிட்டே போனாங்க.

2009இல் மழை மறுபடி சரியில்லை. இந்த முறை பற்றாக்குறை 2005ஐவிடப் பெரிசு. மக்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குச் சாப்பாட்டு நிச்சயம் இல்லைன்னு கணக்கெடுப்பு சொன்னது, அரசாங்கம் அதைப் பேச விரும்பலை. அதே நேரம் தன்ஜா அரசியல் சட்டத்தை மாத்தித் தன் பதவிக்காலத்தை நீட்டிக்கிட்டார். 2010 பிப்ரவரி 18 அன்று ராணுவம் அவரைக் கவிழ்த்தது. முக்கியக் காரணம் பதவி நீட்டிப்புதான், பசி பின்னணியில இருந்தது. புதுசா வந்தவங்க கொஞ்ச நாள்லயே பசின்னு வாய்விட்டுச் சொல்லி உதவி கேட்டாங்க. அந்த வருஷம் பாதிப்பு அதிகமான பகுதிகள்ல ரெண்டு வயசுக்கு உட்பட்ட குழந்தைங்களுக்கு, நலிஞ்சிருக்காங்களான்னு அளக்கக் காத்திருக்காம, முன்கூட்டியே சத்து உணவு கொடுத்தாங்க.

இந்த இருட்டுக்குள்ள ஒரு எண் எனக்கு ஆச்சரியமா இருந்தது. 1998இல் நைஜர்ல ஆயிரம் குழந்தை பிறந்தா 226 பேர் அஞ்சு வயசுக்குள்ள செத்துப் போனாங்க. 2009இல் அது 128. நடுவுல 2005 இருக்கு, அப்படி இருந்தும். கொசுவலை, தடுப்பூசி, கிராமத்துக்குள்ளேயே சுகாதார நிலையம், குழந்தைகளுக்கு இலவச சிகிச்சை, இந்தச் சத்துப் பாக்கெட். இப்போ நியாமேயிலேயே ஒரு ஆலை கடலையை வறுத்து, அரைச்சு அந்த மாதிரிப் பாக்கெட்டைச் செய்யுது.

கடைசியா, 2023. ஜூலை 26 அன்று நியாமேயில இன்னொரு ராணுவக் கவிழ்ப்பு. நாலு நாள்ல மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு தடை போட்டது. நைஜீரிய எல்லை மூடல், பெனின் எல்லை மூடல். ஜூலை 30, சுதூரோட நட்ட நடுவுல. பெனின் பக்கம் மலன்வில் பாலத்துல லாரிகள் கிலோமீட்டர் கணக்குல நின்னுச்சு. அரிசி, எண்ணெய், மருந்து, சத்துப் பாக்கெட் எல்லாம் அந்த வரிசைக்குள்ள. உள்ளே அரிசி விலை ஏறுச்சு. தடையை நீக்கினது 2024 பிப்ரவரி 24. அதுக்குள்ள ஒரு அறுவடை வந்து, அதுல பாதிக் கம்பு கடனுக்கு வித்தாகியிருந்திருக்கும்.